ஆடும் கட்டுமானமும் காலதாமதமும்

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவை நண்பர்கள் கேட்டார்கள். கவிதை எனக்கு வராது. நகைச்சுவைத் துணுக்கு எழுத ஏற்கெனவே பத்துப் பேர் இருக்கிறார்கள். அதனால் இந்த வருஷம் நான் பட்டுத் தெரிந்துகொண்ட ஒரு பாடத்தை எழுதுகிறேன். பாடம் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பரீட்சைக்கு வராவிட்டாலும் வாழ்க்கைக்கு வரும் பாடம் இது.

முன்னுரை

என் ஊர் பொட்டிபுரம். நியூட்ரினோ ஆய்வகம் என்ற பேச்சால் பத்திரிகையில் அடிபட்ட அதே ஊர்தான். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா விடியக்காலையில் ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாக மலைக்குப் போய் ஏலத்தோட்டத்தில் வேலை பார்ப்பவர். ஏலச்செடிக்கு வெயிலும் கூடாது, முழு நிழலும் கூடாது. அதனால் மழைக்கு முன்னால் நிழல் மரங்களில் ஏறிக் கொப்பு வெட்டி விடுவார்கள். அப்பாவுக்கு அந்த வேலை.

முதல் வருஷம் முடிந்த கோடை லீவில் நானும் ஒத்தாசைக்குப் போனேன். உயரமான, ஒல்லியான ஒரு சில்வர் ஓக் மரம். அப்பா உச்சிக்குப் பக்கத்தில் இருந்தார். காற்றில் மரம் ஆடியது. மரத்தின் மேல்பாகத்தில் கட்டிய வடக்கயிற்றின் மறுமுனை கீழே என் கையில். மரம் எனக்கு எதிர்ப்பக்கம் சாயத் தொடங்கும்போது அப்பா "இழு"ன்னு சத்தம் கொடுப்பார். நான் இழுத்துப் பிடித்து ஆட்டத்தை அடக்க வேண்டும். இதுதான் ஏற்பாடு.

நான் என் பலம் முழுவதும் போட்டு இழுத்தேன். ஆனால் ஆட்டம் குறையவில்லை, கூடிக்கொண்டே போனது. ஆட்டம் கூடக் கூட நான் இன்னும் பலமாக இழுத்தேன். ஏழெட்டு ஆட்டத்தில் அப்பாவுக்குப் பிடி தவறியது. இடையில் ஒரு கொப்பில் மாட்டி, அதன் பிறகு தரையில் விழுந்ததால் உயிர் தப்பியது. வலது தோள்பட்டை போய்விட்டது. மூன்று மாதம் வேலை இல்லை.

யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. "படிக்கிற பையன், கையில பலமில்ல"ன்னு மட்டும் ஒருவர் சொன்னார். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். அது பலத்தின் குறை அல்ல, நேரத்தின் குறை என்று இந்த வருஷச் செயல்திட்டத்தில்தான் புரிந்தது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

ஆட்டம் என்பது என்ன?

ஒல்லியாக, உயரமாக, நீளமாக இருக்கும் எதுவும் வளையும். வளைந்தது திரும்பி வரும். திரும்பி வந்தது நடுவில் நிற்காமல் மறுபக்கம் போகும். மூங்கில், மரம், தொங்குபாலம், உயரமான கட்டடம், காற்றாலைக் கோபுரம் எல்லாம் இதே ஜாதிதான். நாம் கெட்டியானது என்று நினைக்கும் இரும்புக் கோபுரம்கூட ஆடத்தான் செய்கிறது.

ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்த அலைவு நேரம் உண்டு. ஒரு முறை போய்த் திரும்பி வர ஆகும் நேரம் அது. ஒரு மீட்டர் கயிற்றில் ஒரு செங்கல்லைக் கட்டித் தொங்கவிட்டு ஆட்டினால் சுமார் 2 வினாடி. எடை கூடினால் மரமும் கோபுரமும் மெதுவாக ஆடும். விறைப்பு கூடினால் வேகமாக ஆடும். ஆட்டத்தைத் தானாகக் குறைக்கும் குணத்துக்கு டேம்பிங், அதாவது ஒடுக்கம் என்று பெயர். இரும்புக் கட்டுமானங்களில் இந்த ஒடுக்கம் மிகவும் குறைவு. ஒரு தட்டு தட்டினால் நெடுநேரம் ஆடிக்கொண்டே இருக்கும்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டுமானத்துக்கு ஒரே ஒரு ஆட்டம் மட்டும் கிடையாது. முழுக் கோபுரமும் ஒரே பக்கமாகச் சாயும் மெதுவான ஆட்டம் முதலாவது. நடுப்பாகம் ஒரு பக்கமும் உச்சி மறுபக்கமும் போகும் வேகமான ஆட்டம் இரண்டாவது. அதற்கு மேலும் உண்டு. இந்த இரண்டாவது ஆள் பின்னால் வில்லனாக வருவான்.

ஆட்டத்தை அடக்கும் விதி

விதி ஒன்றுதான். எந்தப் பக்கம் நகர்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் தள்ள வேண்டும். எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது இங்கே முக்கியமல்ல, எந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது என்பதுதான் முக்கியம். ஊஞ்சலை நிறுத்த நினைத்தால், அது நம்மை நோக்கி வரும்போது எதிர்த்துத் தள்ளுகிறோம். அது நம்மை விட்டுப் போகும்போது அதே கையால் அதே பலத்தோடு தள்ளினால்? ஊஞ்சல் இன்னும் உயரப் போகும். கையும் அதே, பலமும் அதே, தள்ளும் திசையும் அதே. நேரம் மட்டும்தான் வேறு.

இதை மனிதக் கை இல்லாமல் எந்திரம் செய்தால் அதற்குப் பின்னூட்டக் கட்டுப்பாடு என்று பெயர். சென்சார் ஆட்டத்தைப் பார்க்கும். கம்ப்யூட்டர் எதிர்விசை எவ்வளவு என்று கணக்குப் போடும். மோட்டாரோ ஹைட்ராலிக் சிலிண்டரோ தள்ளும். கட்டடங்களுக்கு இப்படிச் செய்யலாம் என்ற யோசனையை 1972ல் ஜேம்ஸ் யாவ் என்ற பொறியாளர் கட்டுரையாக எழுதினார். 1989ல் டோக்கியோவில் கியோபாஷி செய்வா என்ற 11 மாடிக் கட்டடத்தில் முதன்முதலாக அதை நிஜமாகவே பொருத்தினார்கள். மாடியில் இருக்கும் எடைக்கட்டைகளைக் கம்ப்யூட்டர் சொல்படி இங்கும் அங்கும் நகர்த்திக் கட்டடத்தின் ஆட்டத்தைக் குறைத்தார்கள்.

தாமதம் எங்கிருந்து வருகிறது?

காகிதத்தில் போடும் கணக்கில் ஆட்டம் தெரிந்த அதே நொடியில் விசை வந்துவிடும். நிஜத்தில் ஒவ்வொரு படியும் கொஞ்சம் நேரம் தின்னும்.

சென்சார் அளவெடுக்க ஒரு நேரம். இரைச்சலை நீக்க வடிகட்டுவதற்கு ஒரு நேரம். வயரிலோ ரேடியோவிலோ தகவல் போக ஒரு நேரம். கணக்குப் போட ஒரு நேரம். வால்வு திறந்து ஆயில் பாய்ந்து, மோட்டார் வேகமெடுத்து, விசை உண்மையில் உருவாக ஒரு நேரம். இதில் கடைசிப் படிதான் பெரும்பாலும் பெரியது. கம்ப்யூட்டரை மாற்றினால் கணக்கு வேகமாகும். இரும்பும் ஆயிலும் அவ்வளவு சுலபமாக வேகமாகாது.

எங்கள் மரத்திலும் இதே படிகள்தான். அப்பா உணர வேண்டும், சத்தம் கொடுக்க வேண்டும், நான் கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டும், கயிற்றின் தொய்வை இழுத்து முடிக்க வேண்டும். அதன் பிறகுதான் மரத்துக்கு விசை போய்ச் சேரும்.

தாமதம் என்ன செய்யும்?

இதற்கு ஓர் எளிய கணக்கு இருக்கிறது. தாமதத்தை அலைவு நேரத்தால் வகுத்து 360ஆல் பெருக்குங்கள். கிடைக்கும் கோணத்துக்குக் கொசைன் பாருங்கள். நாம் போடும் பிரேக்கில் எத்தனை பங்கு உண்மையில் பிரேக்காக வேலை செய்கிறது என்பதை அது சொல்லும். கொசைன் மைனஸில் வந்தால் பிரேக் ஆக்சிலரேட்டர் ஆகிவிட்டது என்று அர்த்தம். விசை மிகப் பெரிதாக இல்லாதவரை இந்தக் கணக்கு நன்றாகவே பொருந்தும். பட்டியலாகப் போட்டால்:

தாமதம் இல்லை : 100 பங்கும் அடக்கும்
அலைவு நேரத்தில் எட்டில் ஒரு பங்கு : 71 பங்கு அடக்கும்
நான்கில் ஒரு பங்கு : அடக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை
எட்டில் மூன்று பங்கு : 71 பங்கு ஆட்டத்தைக் கூட்டும்
பாதி : 100 பங்கும் ஆட்டத்தைக் கூட்டும்

கால் பங்கு தாமதம்தான் எல்லைக்கோடு. அதைத் தாண்டினால் நல்லெண்ணத்தோடு செய்யும் ஒவ்வொரு உதவியும் உபத்திரவம். அதிலும் ஒரு விஷம் இருக்கிறது. ஆட்டம் கூடுவதைப் பார்த்து நாம் பலத்தைக் கூட்டுவோம். பலம் கூடினால் ஆட்டம் இன்னும் கூடும்.

இப்போது மரத்தின் கணக்கைப் போட்டுப் பார்க்கிறேன். அந்த மரம் போய்த் திரும்பி வரச் சுமார் 4 வினாடி ஆகியிருக்கும். அப்பாவின் சத்தம் எனக்குக் கேட்டு, தொய்வு போய், கயிறு விறைக்க ஒன்றரை வினாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரையை 4ஆல் வகுத்தால் எட்டில் மூன்று. பட்டியலின் நாலாவது வரி. மரம் என்னை விட்டு விலகும்போது பிடிக்க வேண்டிய நான், அது என் பக்கம் திரும்பி வரும்போது பெரும்பாலும் இழுத்துக்கொண்டிருந்தேன். என் பலத்தில் 71 பங்கை அப்பாவைக் கீழே தள்ளுவதற்கே செலவு செய்திருக்கிறேன். இந்தக் கணக்கை ஹாஸ்டலில் முதன்முதலாகப் போட்ட அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

லண்டனில்கூட இதற்குப் பக்கத்தில் வரும் ஒரு சங்கதி நடந்தது. தேம்ஸ் நதியில் மில்லெனியம் நடைபாலத்தை 2000 ஜூன் 10ல் திறந்தார்கள். ஜூன் 12ல் மூடினார்கள். பாலம் பக்கவாட்டில் லேசாக ஆட, நடந்தவர்கள் ஒவ்வொருவரும் விழாமல் இருக்கக் காலை அகட்டி ஊன்றினார்கள். அந்த ஊன்றல்களின் மொத்த விசையே ஆட்டத்தைக் கூட்டியது. ஒடுக்கும் கருவிகளைப் பொருத்தி 2002 பிப்ரவரியில்தான் மறுபடி திறந்தார்கள். அங்கேயும் யாரும் வேண்டுமென்று ஆட்டவில்லை. எல்லோரும் தங்களைச் சமாளிக்கத்தான் பார்த்தார்கள்.

நம்ம பக்கத்துக் காற்றாலை

தேனி, ஆண்டிபட்டி, கண்டமனூர் பக்கம் பஸ்ஸில் போனவர்கள் காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்கள். தமிழ்நாட்டில் மலை இடைவெளி வழியாகப் பலத்த காற்று நுழையும் கணவாய்களில் ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காட்டோடு நம் கம்பம் கணவாயும் ஒன்று. தென்மேற்குப் பருவத்தில் இறக்கைகள் ஓயாமல் சுற்றும்.

காற்றாலைக் கோபுரம் என்பது நீளமான குழாய். உச்சியில் பெரும் எடை. அதற்கும் முன்னால் காற்றைத் தடுக்கும் மூன்று இறக்கைகள். ஆடுவதற்கு இதைவிடத் தோதான ஏற்பாடு வேண்டுமா? இறக்கை கோணம் மாறாத பழைய வகைக் காற்றாலைகளில் இறக்கையை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. கோணத்தை மாற்றக்கூடிய பெரிய காற்றாலைகளில் ஒரு தந்திரம் செய்யலாம். உச்சியில் ஒரு சென்சார் வைத்து, கோபுரம் காற்றோடு பின்னால் போகும்போது இறக்கையைத் திருப்பிக் காற்று தள்ளும் விசையைக் குறைக்கலாம். காற்றை எதிர்த்து முன்னால் வரும்போது விசையைக் கூட்டலாம். இறக்கையே பிரேக் ஆகிவிடும்.

இதற்கு நிஜ எண்களோடு ஒரு கணக்கு பார்ப்போம். அமெரிக்காவின் தேசிய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி ஆய்வகம் 2009ல் ஒரு 5 மெகாவாட் மாதிரிக் காற்றாலையின் முழு விவரத்தையும் வெளியிட்டது. உலகம் முழுக்க மாணவர்கள் அதை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். அதன் அச்சு உயரம் 90 மீட்டர். இறக்கைகள் சுற்றும் வட்டத்தின் விட்டம் 126 மீட்டர். முழுவேகத்தில் நிமிஷத்துக்கு 12.1 சுற்று. கோபுரத்தின் முதல் ஆட்டம் வினாடிக்குச் சுமார் 0.32 முறை, அதாவது ஒரு ஆட்டத்துக்கு 3.1 வினாடி. இரண்டாவது ஆட்டம் வினாடிக்குச் சுமார் 2.9 முறை, அதாவது ஒரு ஆட்டத்துக்கு 0.34 வினாடி.

மொத்தத் தாமதம் 0.2 வினாடி என்று நானாக வைத்துக்கொள்கிறேன். முதல் ஆட்டத்துக்குக் கோணம் 23 டிகிரி, கொசைன் 0.92. நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பங்கு பிரேக் வேலை செய்கிறது, பிரமாதம்! இரண்டாவது ஆட்டத்துக்கு அதே 0.2 வினாடி 209 டிகிரி. கொசைன் மைனஸ் 0.88. அதாவது முதல் ஆட்டத்தை அடக்கும் அதே கருவி, அதே நேரத்தில், இரண்டாவது ஆட்டத்தைத் தூண்டிவிடும்!

நான் சொன்ன வில்லன் இவன்தான். தாமதம் பெரிதா சிறிதா என்று தனியாகக் கேட்கவே கூடாது. எந்த ஆட்டத்துக்கு என்று சேர்த்துக் கேட்க வேண்டும். மெதுவாக ஆடுகிறவனுக்குச் சிறிய தாமதம், வேகமாக ஆடுகிறவனுக்குப் பெரிய தாமதம்.

எங்கள் செயல்திட்டம்

நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு மாதிரி செய்தோம். ஒரு மீட்டர் நீள இரும்புப் பட்டை, 2 மில்லிமீட்டர் கனம். அடியை ஒர்க்‌ஷாப் வைஸில் பிடித்து நிமிர்த்தி நிறுத்தினோம். உச்சியில் பொம்மை ட்ரோனிலிருந்து கழற்றிய இரண்டு மோட்டார்கள், இறக்கையோடு, ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கம் பார்த்து. பக்கத்தில் ஒரு ஜைரோ சென்சார், ஒரு ஆர்டுயினோ போர்டு. பட்டை பத்து முறை ஆட 12 வினாடி ஆனது. ஆக அலைவு நேரம் 1.2 வினாடி.

கண்ட்ரோலைப் போட்டோம். சும்மா விட்டாலாவது அரை நிமிஷத்தில் அடங்கும் பட்டை, கண்ட்ரோல் போட்டதும் அடங்கவே இல்லை. கெயினைக் கூட்டினோம். பட்டை ஒர்க்‌ஷாப்பே பார்க்கும்படி ஆடியது. மோட்டார் வயரைத் தலைகீழாக மாட்டிவிட்டோமோ என்று ஒரு வாரம் தேடினோம். வயர் சரிதான். எனக்கு மட்டும் அந்த ஆட்டத்தை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது.

பிறகு சார் ஒருவர் சொன்ன யோசனைப்படி, செல்போனில் வினாடிக்கு 240 படம் வரும் ஸ்லோமோஷன் வீடியோ எடுத்தோம். விரலால் பட்டையைத் தள்ளியதிலிருந்து மோட்டார் முழு வேகம் எடுக்கும் வரை படங்களை எண்ணினோம். 84 படம். அதாவது 0.35 வினாடி. கால் பங்கு எல்லை 0.30 வினாடி. நாங்கள் எல்லையைத் தாண்டி உட்கார்ந்திருந்தோம்!

எங்கே போனது இந்த 0.35? சென்சார் அளவு நடுங்கக் கூடாது என்று 20 அளவுகளைச் சராசரி எடுத்தோம், அதில் 0.10. பார்க்க அழகாக இருக்கட்டும் என்று தகவலைப் புளூடூத்தில் லேப்டாப்புக்கு அனுப்பிக் கிராப் போட்டு, அங்கிருந்து கட்டளையைத் திரும்ப வாங்கினோம், அதில் 0.15. மோட்டார் வேகமெடுக்க 0.10.

லேப்டாப்பைக் கழற்றினோம். கணக்கைப் போர்டிலேயே போட்டோம். 20 அளவுக்குப் பதில் 4 அளவுச் சராசரி. மொத்தம் 0.12 வினாடிக்கு இறங்கியது. கோணம் 36 டிகிரி, 81 பங்கு பிரேக். பட்டை ஐந்தாறு ஆட்டத்தில் அடங்கியது. புதிதாக ஒரு ரூபாய் சாமான்கூட வாங்கவில்லை.

வைத்தியம் என்னென்ன?

படித்ததையும் பார்த்ததையும் சேர்த்து ஐந்து வைத்தியம் சொல்கிறேன்.

1. தாமதத்தை அள. முதல் வைத்தியம் அளப்பதுதான். அளந்த பிறகு தேவையில்லாத படிகளை வெட்டு. எங்கள் கதை இதுதான்.

2. பலத்தைக் குறை. கட்டுமானத்துக்குச் சொந்த ஒடுக்கம் கொஞ்சம் இருக்கும். நாம் தவறான நேரத்தில் தரும் விசை அதைவிடக் குறைவாக இருந்தால் ஆபத்து வராது. கூட்டிப் பார்ப்பதற்கு முன்னால் குறைத்துப் பார்.

3. வேகமான ஆட்டத்தை வடிகட்டு. இரண்டாவது ஆட்டத்தின் சேதி கம்ப்யூட்டருக்கே போகாதபடி வடிகட்டிவிட்டால் அதை நாம் தூண்டமாட்டோம். ஆனால் ஒன்று, வடிகட்டியும் தன் பங்குக்குத் தாமதம் சேர்க்கும். மருந்துக்குப் பத்தியம் போல அளவாக வைக்க வேண்டும்.

4. முன்கூட்டியே கணி. ஆட்டம் ஒழுங்கானது. இப்போதைய இடமும் வேகமும் தெரிந்தால் 0.12 வினாடி கழித்து எங்கே இருக்கும் என்று சைன், கொசைன் கொண்டு சொல்லிவிடலாம். பழைய சேதிக்குப் பதில் அந்தக் கணிப்புக்கு எதிராகத் தள்ளினால் தாமதம் ஏறக்குறைய மறைந்துவிடும். தாமதம் உள்ள தொழிற்சாலை இயக்கங்களுக்கு மாதிரிக் கணக்கை வைத்து முன்கூட்டிக் கணிக்கும் முறையை 1957ல் ஆட்டோ ஸ்மித் என்பவர் கொடுத்தார். இன்றைக்கும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. கணிப்புக்கு அலைவு நேரம் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். எடை மாறினால் கணிப்பும் தப்பும்.

5. சேதியே வேண்டாத பிரேக் வை. இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. சென்சார் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை, அதனால் சேதி தாமதமும் இல்லை. தைவானில் 508 மீட்டர் உயரமுள்ள தைபே 101 கட்டடத்தின் மேல்மாடியில் 660 டன் எடையுள்ள ஒரு உருண்டையைக் கம்பியில் தொங்கவிட்டிருக்கிறார்கள். கட்டடம் ஆடினால் உருண்டை பின்தங்கி ஆடி, ஆட்டத்தின் சக்தியை வாங்கிக்கொள்ளும்; கீழே இருக்கும் டேம்பர்கள் அதைச் சூடாக்கி முடித்துவிடும். அவ்வளவு தூரம் போக வேண்டாம். லோயர் கேம்ப் போகும்போது பெரியாறு மின் நிலையத்திலிருந்து வரும் உயரழுத்தக் கம்பிகளை அண்ணாந்து பாருங்கள். அத்தகைய கம்பிகளில் கோபுரத்துக்குப் பக்கத்தில் சின்னச் சின்னக் கர்லாக்கட்டை மாதிரி தொங்கும். 1920களில் ஜார்ஜ் ஸ்டாக்பிரிட்ஜ் என்பவர் கண்டுபிடித்த அதிர்வு ஒடுக்கி அது. காற்றில் கம்பி அதிர்ந்து அறுந்து போகாமல் ராப்பகலாகக் காவல் காக்கிறது. மின்சாரமும் கேட்காது, சம்பளமும் கேட்காது.

தாமதமே மருந்தாகும் ஒரு சோதனை

இவ்வளவு நேரம் தாமதத்தைத் திட்டினேன். அதற்கு நியாயமாக ஒரு நல்லதும் சொல்லிவிடுகிறேன். குரங்கணிக்கு மேலே டாப் ஸ்டேஷனிலிருந்து கீழே கொட்டகுடிக்கு ஒரு காலத்தில் மூணாறு தேயிலையை ரோப்வேயில் இறக்கினார்கள். அந்த ரோப்வேயின் மேல் முனை என்பதால்தான் டாப் ஸ்டேஷன் என்ற பெயர். கயிற்றிலோ கிரேனிலோ தொங்கும் எந்தச் சுமையும் நகர்த்தினால் ஊசலாடும். அதை ஆடாமல் நகர்த்துவது எப்படி?

ஒரு மீட்டர் கயிற்றில் செங்கல்லைக் கட்டிக் கையில் பிடியுங்கள். கையை அரை அடி பக்கவாட்டில் சட்டென்று நகர்த்துங்கள். செங்கல் ஆடோ ஆடு என்று ஆடும். இப்போது நிறுத்திவிட்டு, முதலில் கால் அடி மட்டும் நகர்த்துங்கள். சரியாக ஒரு வினாடி, அதாவது பாதி அலைவு நேரம், பொறுங்கள். பிறகு மீதிக் கால் அடி. செங்கல் போய்ச் சேர்ந்த இடத்தில் ஆடாமல் நிற்கும்! முதல் நகர்வில் கிளம்பிய செங்கல், பாதி அலைவு நேரத்தில் சரியாகக் கடைசி இடத்துக்கு மேலே வந்து ஒரு கணம் நிற்கிறது. அந்தக் கணத்தில் கையும் அங்கே வந்துவிடுகிறது. இதையும் அதே ஆட்டோ ஸ்மித்தான் 1957ல் எழுதினார். லேபில் மூன்று முறை முயன்றால் யாருக்கும் வந்துவிடும். தெரியாமல் வந்த தாமதம் கெடுக்கிறது. அளந்து போட்ட தாமதம் காப்பாற்றுகிறது.

முடிவுரை

தீபாவளி லீவுக்கு ஊருக்குப் போனபோது அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். கொசைன் எல்லாம் சொல்லவில்லை. மாட்டுத் தொழுவத்தில் கயிற்றில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு அவர் "இழு" என்றதும் இழுத்துக் காட்டினேன். கல் மேலே மேலே போனது. நான்தான் அன்றைக்கு உங்களைத் தள்ளிவிட்டேன் என்று சொல்ல வந்தேன், சொல்ல முடியவில்லை. அவரே சொன்னார்:

"அப்ப உனக்குப் பலம் பத்தாம இல்லடா. சேதி லேட்டா வந்திருக்கு. மேல இருந்து சத்தம் கொடுத்தவன் நான்தானே? அதை விடு. இன்னைக்கும் அங்க பசங்க இப்படித்தான் கயிறு பிடிக்கிறானுங்க. அவனுங்களுக்கு என்ன வழின்னு சொல்லு."

அஞ்சாவது வைத்தியத்தைச் சொன்னேன். ஆள் பிடிக்கும் ஒரு கயிற்றுக்குப் பதில், மூன்று பக்கமும் மூன்று கயிறு. பக்கத்து மரங்களின் அடியில் தொய்வு இல்லாமல் இறுக்கிக் கட்டிவிட வேண்டும். யாரும் இழுக்க வேண்டாம், யாரும் சத்தம் போட வேண்டாம். மரம் நகரத் தொடங்கும் அதே கணத்தில் கயிறு பிடிக்கும். கயிறு கட்ட அரை மணி நேரம் கூடுதலாக ஆகும் என்று மாமா முணுமுணுத்தார். அப்பா அவருக்குத் தன் தோள்பட்டையைக் காட்டினார். இப்போது அவர்கள் கூட்டத்தில் மூன்று கயிறு கட்டாமல் மரம் ஏறுவதில்லை.

அப்பா இப்போது மரம் ஏறுவதில்லை. வலது கை தோளுக்கு மேலே தூக்க வராது. ஸ்டோரில் காய் உலர்த்தும் வேலை. கூலி குறைவுதான். என் படிப்புச் செலவு அதிலிருந்துதான் வருகிறது.

நண்பர்களே! நாளைக்கு நம்மில் ஒருவன் கிரேன் ஓட்டுவான், ஒருவன் காற்றாலையில் மெயின்டனன்ஸ் பார்ப்பான், ஒருவன் பாலம் கட்டும் இடத்தில் நிற்பான். ஏதோ ஒன்று ஆடும். நாம் பிடிக்கப் பிடிக்க ஆட்டம் கூடும். அப்போது உடனே பலத்தைக் கூட்டாதீர்கள். ஒரு கணம் கையை எடுத்துவிட்டு, நம் கை எத்தனை வினாடி பிந்துகிறது என்று அளந்து பாருங்கள். அலைவு நேரத்தில் கால் பங்கைத் தாண்டினால் பிடிப்பதைவிட விடுவதே மேல். இந்த ஒரு கணக்கு அன்றைக்கு எனக்குத் தெரிந்திருந்தால் நான் கயிற்றை விட்டிருப்பேன்.

 பிழை இருந்தால் பொறுத்தருளி, நேரில் சொல்லித் திருத்துங்கள்.